டானிக் தண்ணீர்

மெக்ஸிகோவின் வஹாகா மாநிலத்தில் இயெர்வே எல் அகுவா என்று ஓர் இடம். மலை விளிம்பில் ஒரு அருவி விழுகிற வாக்கிலேயே கல்லாகி நிற்கும். போட்டோவில் பார்த்திருப்பீர்கள். 'தண்ணீர் கொதிக்கிறது' என்று ஸ்பானிஷ் மொழியில் பெயர். கொதிப்பெல்லாம் கிடையாது. வாயு குமிழியிடுகிறது, சோடா மாதிரி.

குளிக்கப் போகிறவர்கள் திரும்பிப் பார்க்காத சமாச்சாரம் பக்கத்துச் சரிவில் இருக்கிறது. சுமார் 2500 வருஷத்துக்கு முன்பு தொடங்கிய படிக்கட்டு வயல்கள். கல் சுவர்கள். ஊற்றுநீரைக் கொண்டுவந்த குட்டி வாய்க்கால்கள். நீரிலிருந்த சுண்ணாம்பு படிந்து படிந்து வாய்க்காலே கல்லாகிவிட்டது. உங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டுமே, அதேதான்.

உடனே கிளம்பிவிடுகிறார்கள்: தாதுச்சத்து நீர், அமோக விளைச்சல், ஆதிகால ரகசியம்! தாதுச்சத்து என்று சொன்னால் போதும், நாமும் பர்ஸைத் திறந்துவிடுகிறோம்.

ஐயா, அந்தத் தண்ணீரில் உப்பும் இருக்கிறது. பாய்ச்சிய நீர் ஆவியாகிவிடும். உப்பு எங்கே போகும்? மண்ணிலேயே உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச வருஷத்தில் பயிரின் கதை முடிந்தது. அங்கே விவசாயமே நடக்கவில்லை, உப்புதான் எடுத்தார்கள் என்று 1987-ல் ஹெவிட், வின்டர், பீட்டர்சன் என்ற மூவர் வாதாடியது சும்மாவா? இல்லை, விவசாயம்தான் என்பவர் ஜேம்ஸ் நீலி. 1960-களிலிருந்து அந்த இடத்தை ஆராய்ந்தவர்.

நான் காமர்ஸ் படித்தவன், கெமிஸ்ட்ரி தகராறில் தலையிட யோக்யதை இல்லை. ஆனாலும் என் ஓட்டு நீலிக்கு. காரணம், வாய்க்கால் நெடுக இருக்கும் சின்னச் சின்னக் குழிகள். பானையை முக்கி மொண்டு, செடிக்குச் செடி ஊற்றத்தான் அவை என்கிறார் அவர். அப்படியானால் மடை திறந்து விடவில்லை, அளந்து ஊற்றியிருக்கிறார்கள். மிஞ்சிய உப்பை மழைக்காலம் கழுவ, சரிவு வடித்துவிட்டிருக்கும். இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு பானை, ஒரு செடி, மறுபடி குழிக்கு நடை. எத்தனை ஆள், எத்தனை நாள்? தண்ணீர் கெடுதல் செய்யாமல் பார்த்துக்கொண்டது இந்த உழைப்பு. அதை அப்படியே மறைத்துவிட்டு, தண்ணீருக்கு மாலை போடுகிறார்கள்!

அந்த மாலையைக் காட்டித்தான் மாடித் தோட்டத்துக்கு மினரல் பவுடர் விற்க வருகிறார்கள். வாங்குங்கள், வேண்டாமென்று சொல்ல நான் யார்? அதில் சோடியம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள். என்னிடம் நீட்டிய பாக்கெட்டில் விலை இருந்தது, ஒரு பிரமிடு படம் இருந்தது. அந்தக் கணக்கு இல்லை.