அன்றிலும் லவ் பேர்ட்ஸும்

‘லவ் பேர்ட்ஸ்’ என்ற சொல்லை நாம் இரு பொருளில் வழங்குகிறோம். கூண்டில் வளரும் சிறு கிளிகளுக்கு அது பெயர். கைகோத்துச் செல்லும் இளையோரைக் கண்டால் சற்றே கேலியாகச் சூட்டும் பட்டமும் அதுவே. சங்கரன்கோவில் போன்ற சிற்றூர்களிலும் இவ்விரு வழக்குகளும் வேரூன்றிவிட்டன.

முதல் வழக்கே பிழையானது. நம் வீடுகளில் அப்பெயரால் வளர்பவை பெரும்பாலும் பட்ஜெரிகர் என்னும் ஆஸ்திரேலியக் கிளிகள். 1840இல் ஜான் கூல்ட் அவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். பின்னர் அவை உலகெங்கும் கூண்டுப் பறவைகளாயின. உண்மையான லவ் பேர்ட்ஸ், அகபோர்னிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்பது இனங்கள் உண்டு. எட்டு ஆப்பிரிக்கப் பெருநிலத்திலும் ஒன்று மடகாஸ்கரிலும் வாழ்கின்றன. நம் பச்சைக்கிளியைக் கூண்டிலடைப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இவ்வயற்கிளிகளை வளர்க்க அத்தடை இல்லை.

இணைபிரியாமைக்குப் பறவையைச் சுட்டுவது நமக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களில் அன்றிலும் மகன்றிலும் அப்பணியைச் செய்தன. குறுந்தொகையில் சிறைக்குடி ஆந்தையார் பாட்டு, இடையில் ஒரு பூ குறுக்கிட்டாலே நெடும்பிரிவாக உணரும் மகன்றில் இணையைக் காட்டுகிறது. அன்றிலோ பனையிலிருந்து இரவில் குரலெழுப்பித் தனித்திருப்பவளின் துயரைப் பெருக்கும். இவை நீரிலும் மரத்திலும் தம் விருப்பில் திரிந்தவை. பிரிய இயன்ற உயிர்கள் பிரியாதிருப்பதில்தான் அவ்வுவமையின் வலிமை இருக்கிறது. கூண்டுப் பறவைகள் இரண்டு அருகருகே அமர்ந்திருப்பதற்குக் காதல் காரணமாக வேண்டியதில்லை, கம்பிகளே போதும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. கூண்டிலுள்ள இணையைக் கண்டு மகிழும் வீடு, தன் மகள் தானே ஒரு துணையைத் தேர்ந்தால் பொறுப்பதில்லை. ‘காதல் ஜோடி காவல் நிலையத்தில் தஞ்சம்’ என்னும் செய்தி நமக்குப் பழகிப்போயிற்று. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி கடந்து மணந்ததே அவர் செய்தது. 2018இல் சக்தி வாகினி வழக்கில், இத்தகைய இணையரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பிறகும், 2025 ஜூலையில், நம் அண்டை மாவட்டத்துப் பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் கொல்லப்பட்டார்.

இதைத் தமிழ்ப் பண்பாட்டின் பெயரால் நியாயப்படுத்துவோர் தம் இலக்கியத்தைப் படித்ததில்லை. உடன்போக்கு என்றே தனித்துறை வகுத்த மரபு நம்முடையது. மகளைத் தேடிச் செல்லும் செவிலியை எதிர்ப்படும் அந்தணர், சந்தனமும் முத்தும் பிறந்த இடத்துக்குப் பயன்படாமல் அணிபவர்க்கே பயன்படுவதைச் சொல்லித் தேற்றுகின்றனர் என்கிறது பாலைக்கலி. மகளைப் பொருளோடு ஒப்பிட்டது இன்று நமக்கு உறுத்தலாம். ஆயினும் தேடிச்சென்றவள் கையில் அரிவாள் இல்லை.

கோமதியம்மன் தவமிருந்து, தான் வேண்டிய கோலத்திலேயே இறைவனைக் கண்டாள் என்பது சங்கரன்கோவில் தலபுராணம். அதற்காக ஆண்டுதோறும் ஆடித்தபசு கொண்டாடுகிறோம். தெய்வத்தின் விருப்பத்துக்கு விழா எடுக்கும் ஊர், பெற்ற மகளின் விருப்பத்தைக் காது கொடுத்துக் கேட்கவாவது வேண்டாமா? கிளிகளை எப்பெயரிட்டும் அழைப்போம். மனிதரை அப்பெயரால் அழைக்குமுன், அவர்களுக்கு நாம் கூண்டு கட்டவில்லை என்பதை உறுதிசெய்துகொள்வோம்.