பிள்ளைகள் இல்லத்து விழா யாருக்காக?



தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே என் கைப்பேசி ஒலிக்கத் தொடங்கிவிடும். “சார், உங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் கிறித்துவப் பிள்ளைகள் இல்லம் ஒன்று இருக்கிறதாமே? எங்கள் இயக்கத்தின் சார்பில் ஏதாவது செய்யலாம் என்று எண்ணுகிறோம். ஆண் பிள்ளைகள் எத்தனை, பெண் பிள்ளைகள் எத்தனை?” கிறிஸ்துமஸ் நெருங்கும்போது இதே கேள்விகள் மீண்டும் வரும். இடைப்பட்ட மாதங்களில் அந்த இல்லத்தைப் பற்றி என்னிடம் கேட்பவர் எவருமிலர்.

அழைப்பவர்களைக் குறைகூற இதனை எழுதவில்லை. முதல் குற்றவாளி நான்தான்.

எங்கள் பள்ளி நெகிரி செம்பிலானில் உள்ள தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி. சுற்றிலும் முன்பு ரப்பர், இன்று செம்பனை. தோட்டத்து மக்கள் பலரும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் மாணவர் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது. காலையில் அந்த இல்லத்து வேன் வந்து நின்று ஏழெட்டுப் பிள்ளைகள் இறங்கும்போதுதான் சில வகுப்புகள் வகுப்புகளாகத் தோற்றமளிக்கின்றன. இவர்களைப் பலர் அனாதைகள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் இவர்களில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ எங்கோ இருக்கிறார்கள். வளர்க்க இயலாத நிலையில் விட்டுச் சென்றவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நன்னெறிப் பாடத்தின் ஒரு பகுதியாக என் வகுப்பு மாணவர்களை அந்த இல்லத்திற்கு அழைத்துச் சென்றேன். ஆளுக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட், ஒரு பென்சில் பெட்டி. இல்லத்துப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து என் மாணவர்களைக் கொண்டே கொடுக்கச் செய்தேன். நிழற்படம் எடுத்தோம். அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். தலைமையாசிரியர் பாராட்டினார். அந்த வரிசையில் என் வகுப்பிலேயே படிக்கும் மாணவன் ஒருவனும் நின்றிருந்தான். தன் பக்கத்து மேசைத் தோழனின் கையிலிருந்தே அவன் பொட்டலத்தைப் பெற்றுக்கொண்டான். மறுநாள் கணிதப் பாட வேளையில் அந்தத் தோழன் அவனிடம், “நான் கொடுத்த பிஸ்கட்ட சாப்டியா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. கேட்டவனுக்கு அதில் சிறிதும் தீய எண்ணமில்லை. ஆனால் முந்தைய வாரம் வரை இருவரும் ஒரே அழிப்பானை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியவர்கள். அன்றைக்குப் பிறகு இவன் அவனிடம் எதையும் கேட்டு வாங்கி நான் பார்க்கவில்லை.

நன்னெறிப் பாடத்தில் நான் கற்பித்தது இதுதான்.

அந்த மாணவனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓராண்டில் அவன் ஐந்து முறை பிறந்தநாள் கேக் வெட்டினான். வருகின்ற குழுவினர் ஒவ்வொருவரும் கேக் கொண்டு வருவர். “இந்த மாதம் யாருக்குப் பிறந்தநாள்?” என்று கேட்பர். யாருக்கும் இல்லையெனில் வந்தவர்கள் மனம் வாடிவிடக்கூடாதே என்று யாராவது ஒரு பிள்ளையை முன்னே நிறுத்துவார்கள். அவன் களையான முகமுடையவன். நிழற்படத்தில் நன்றாக விழுவான். ஆகவே ஐந்து முறையும் அவனே. அவனுடைய பிறந்த தேதி என் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கிறது. அந்தத் தேதியில் அவன் கேக் வெட்டவில்லை. அன்று சாதாரணப் பள்ளி நாள். நானும் அதைக் கவனிக்கவில்லை.

இதனை எண்ணும்போதெல்லாம் தமிழ்நாட்டில் உள்ள டோனாவூர் என் நினைவுக்கு வரும். திருநெல்வேலிச் சீமையில், களக்காட்டுக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் அது. அயர்லாந்தைச் சேர்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே ஒரு பிள்ளைகள் இல்லத்தை வளர்த்தெடுத்தார். 1901 மார்ச்சில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஒரு சிறுமி தப்பியோடி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்ததில் தொடங்கிய பணி. பின்னர் கைக்குழந்தைகள் வந்தனர். 1918இலிருந்து ஆண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டனர். மருத்துவமனையும் பள்ளியும் பின்னர் எழுந்தன.

நான் கிறித்துவன் அல்லன். அவருடைய சமயப் பணியைப் பற்றி மாற்றுக் கருத்துடையோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அதே கொடுமையிலிருந்து மீண்ட பெண்களுக்காகச் சென்னையில் ஔவை இல்லத்தை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வேறு வழியில் அதே கவலையைச் சுமந்தவர். அந்த விவாதத்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். ஆசிரியன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது டோனாவூரின் ஒரு வழக்கம் மட்டுமே.

அங்கு வந்த குழந்தைகள் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. அதனால் அவர்கள் இல்லத்திற்கு வந்து சேர்ந்த நாளைக் கொண்டாடினர். அதற்கு ‘வந்த நாள்’ என்றே பெயர். அன்று அந்தப் பிள்ளைக்குப் பூ அலங்காரம், பாட்டு, ஒரு சிறு பரிசு. 1931இல் தவறி விழுந்து அடிபட்டதிலிருந்து இறுதிவரை அம்மையார் பெரும்பாலும் தம் அறையிலேயே முடங்கிக் கிடந்தார். அந்த இருபதாண்டுக் காலத்திலும் இவ்வழக்கம் நிற்கவில்லை.

எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளை இல்லத்திற்கு வந்த நாள் என்பது பெரும்பாலும் அதன் வாழ்வில் மிகவும் வலித்த நாள். பெற்றவள் விட்டுச் சென்ற நாள், அல்லது யாரோ தூக்கிக்கொண்டு வந்த நாள். அதே நாளை, “நீ எங்களுக்குக் கிடைத்த நாள்” என்று திருப்பிச் சொல்வதற்குப் பெரிய மனம் வேண்டும். அது ஒரே ஒரு பிள்ளைக்கு உரிய நாள். ஐம்பது பேரை வரிசையில் நிறுத்தி அதைக் கொண்டாட இயலாது. வெளியிலிருந்து வருகின்றவர் வசதிக்கேற்ப அதனை வார இறுதிக்கு மாற்றவும் இயலாது.

விளையாட்டையும் அவர்கள் அவ்வாறே நடத்தியிருக்கின்றனர். 1917இல் மலைக்காட்டில் நிலம் வாங்கினர். கோடை வெயிலில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வர். மலையாற்று மடுவில் நீந்தப் பழக்கினர். நூறு ஆண்டுகளுக்கு முன்பு, தமிழ்நாட்டுச் சிற்றூரில், பெண் பிள்ளைகளுக்கு நீச்சல்! அதற்குப் பார்வையாளர் கூடாரமும் இல்லை, சிறப்பு விருந்தினரும் இல்லை.

செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நன்கொடைதான். ஆனால் பணம் கேட்டுப் பொது வேண்டுகோள் விடுப்பதில்லை என்பதை அவர்கள் கொள்கையாகவே வைத்திருந்தனர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. டோனாவூர் என்ற பெயரே ஒரு நன்கொடையாளரின் பெயர். அந்த ஊர் அமைவதற்கு 1820களில் பொருளுதவி செய்த ஐரோப்பியப் பிரபு டோனா என்பவரின் நினைவாகச் சூட்டப்பட்டது. ஊருக்கே கொடையாளர் பெயர்; ஆனால் அங்கிருந்த இல்லத்தில் பிள்ளையின் விழா பிள்ளையுடையதாகவே இருந்தது. அம்மையார் 1951 ஜனவரியில் மறைந்தபோது கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீர் அருந்தும் கல்தொட்டி ஒன்றை வைத்தனர். அதில் ‘அம்மை’ என்ற ஒரு சொல் மட்டும் உண்டு.

நம் நாட்டுக்கு வருவோம். வரிசையில் நின்று வாங்குவது தோட்டப்புறத் தமிழனுக்குப் புதிதன்று. நம் பள்ளிகளே அப்படிப் பிறந்தவைதாம். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளிக்கூடம் அமைத்துத் தரவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு சொன்னது. அதனால் எழுந்த கொட்டகைகளே பல தமிழ்ப்பள்ளிகளின் தொடக்கம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் திருவிழாவை ஒட்டி விளையாட்டுப் போட்டி நடக்கும். சாக்கு ஓட்டம், எலுமிச்சைக் கரண்டி ஓட்டம், கடைசியில் பெரியவர்களின் கயிறு இழுத்தல். முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நிற்க, நிர்வாகியின் துணைவியார் மிட்டாய் கொடுப்பார். என் தாயார் அந்த வரிசைக்கு என்னை அனுப்பமாட்டார். “ஓடி ஜெயிச்சா வாங்கிக்க. சும்மா நின்னு வாங்காத,” என்பார். பால்மரம் வெட்டியவர், ஆறாம் வகுப்புத் தாண்டாதவர். நான் மிட்டாய்க்காக அழுதேன் என்பதையும் மறைக்கவில்லை. பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்துவிட்டு வந்த பிறகும் அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்க நெடுங்காலம் பிடித்தது.

பள்ளி விளையாட்டுப் போட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் சினம் தணியாது. பெற்றோரும் பிள்ளையும் காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடும் மூன்று கால் ஓட்டம் பல பள்ளிகளில் உண்டு. நல்ல போட்டிதான். கூடாரமே எழுந்து நின்று சிரிக்கும். அவ்வேளையில் இல்லத்துப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். நீர்க் குழாயருகே நின்று, தாகமில்லாமல் நீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று காலை நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவனும் அவர்களுள் ஒருவன்.

அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் விதியைச் சிறிது மாற்றினோம். ‘பெற்றோர்’ என்பதை ‘பெரியவர் ஒருவர்’ என்று ஆக்கினோம். ஆசிரியர், பேருந்து ஓட்டுநர், சிற்றுண்டிச்சாலை அக்கா, யாராயினும் ஓடலாம். எவரோடு ஓடுவது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். சிற்றுண்டிச்சாலை அக்காவுக்கு இருந்த போட்டியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என்னை ஒருவரும் அழைக்கவில்லை.

கொடுப்பதையே நிறுத்தச் சொல்கிறேனா என்று சில நண்பர்கள் கேட்கின்றனர். இல்லை. அரிசியும் பால்மாவும் மின்கட்டணமும் பாட்டினாலும் பூவினாலும் நடவா. எல்லா இல்லங்களாலும் டோனாவூர் போலக் கேட்காமல் வாழ இயலாது என்பதும் எனக்குத் தெரியும். அரிசியை அலுவலகத்தில் இறக்கிவிட்டுப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். அதற்குப் பிள்ளை எதற்கு வரிசையில் நிற்க வேண்டும்? இரண்டு மணி நேரம் புத்தாடையில் காத்திருந்து, வரவேற்பு நடனம் ஆடி, நன்றிப் பாடல் பாடி, பெயர் தெரியாத ஒருவர் தோள்மேல் கைபோட நிழற்படத்திற்குச் சிரிக்க வேண்டும் என்பது கொடைக்குப் பிள்ளையிடம் வாங்கும் கூலியன்றி வேறென்ன? ஐக்கிய நாடுகளின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை ஒப்பந்தத்தில் மலேசியா 1995இல் இணைந்தது. அதன் 31ஆம் விதி ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. நாமோ இல்லத்துப் பிள்ளையின் ஓய்வு நாளையே நம் விழாவுக்கு எடுத்துக்கொள்கிறோம். அந்த நிழற்படம் முகநூலில் எத்தனை ஆண்டு கிடக்கும்? நாளை அவன் இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பின் யார் கண்ணில் படும்? நம் சொந்தப் பிள்ளையின் படமாக இருந்தால் இதையெல்லாம் கேட்டிருப்போம் அல்லவா?

பெற்றோர்கள் தங்கள் பிள்ளையின் பிறந்தநாளை இல்லத்தில் கொண்டாட விரும்புவதுண்டு. நல்ல எண்ணமே. ஆனால் அடுத்த முறை இல்லத்துப் பொறுப்பாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இங்குள்ள பிள்ளைகளுள் யாருக்கு எந்த நாள் பிறந்தநாள்?” அந்த நாளில் அந்த ஒரு பிள்ளையை உங்கள் வீட்டு நிகழ்வுக்கு வரும் விருந்தாளியாக, அதன் நண்பர்கள் இருவரோடு, இல்லத்தின் இசைவு பெற்று அழைக்க முடியுமா என்று பாருங்கள். தொந்தரவான காரியம்தான். பொட்டலம் கொடுப்பது இதைவிட எளிது.

என் பங்குக்கு நான் செய்ததையும் சொல்கிறேன். கடந்த ஆண்டு மீண்டும் என் வகுப்பை அந்த இல்லத்திற்கு அழைத்துச் சென்றேன். கையில் ஒன்றும் கொண்டு போகவில்லை. காற்பந்து ஆட்டம், அவர்கள் திடலில், அவர்கள் விதிப்படி. திடல் என்றால் செம்பனைக்கு நடுவே ஒரு சரிவு. பந்து தானாகவே ஒரு பக்கம் உருளும். அந்தச் சரிவு அவர்களுக்குப் பழக்கம், எங்களுக்கு இல்லை. 4–1 என்ற கணக்கில் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் அவர்களே சிராப் தண்ணீர் கலக்கி எங்களுக்குக் கொடுத்தார்கள். குவளையை வாங்குவதற்கு என் மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். பிஸ்கட் கொடுத்தவனும் அந்த வரிசையில் இருந்தான். வாங்கியவன் இப்போது வாளியருகே நின்று, “ஒரு ஆளுக்கு ஒரு கப்தான், தள்ளாதீங்க!” என்று அதட்டிக்கொண்டிருந்தான்.

மறு ஆட்டம் அடுத்த மாதம், எங்கள் பள்ளித் திடலில். பந்தை அவர்களே கொண்டு வருகிறார்களாம். எங்கள் பந்தில் காற்று நிற்பதில்லை என்று புகார்.