ஆயில் மாற்ற எங்கே போவது?

நம் டில்லி அன்பர்கள் சிலர் இப்போது பழைய மெர்சிடிஸ் வாங்குகிறார்கள். நானும் வாங்கினேன். கரோல்பாக்கில் கொண்டுபோய் நிறுத்தும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. செலவு பிறகுதான் தெரியும்.

கம்பெனி பட்டறைக்குப் பயந்து மூன்று வருஷம் தெருக்கோடி மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றினேன். நல்ல பையன், ஆனால் எல்லா வண்டிக்கும் ஒரே டிரம். என்னுடையது புகை வடிகட்டி உள்ள டீசல் வண்டி. அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். வடிகட்டி அடைத்துக்கொண்டது. மிச்சம் பிடித்ததெல்லாம் வட்டியோடு போயிற்று. "மெட்ரோவிலேயே போயிருக்கலாமே" என்றாள் என் மனைவி.

அதற்காகக் கம்பெனியே கதி என்பதை நான் ஏற்கவில்லை. வாரண்டி உள்ளவரை அங்கே போவது வம்பில்லாதது, அவ்வளவுதான். வெளிப் பட்டறைகளுக்கு உதிரிபாகம் கிடைக்காமல் செய்ததற்காக 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் விதித்ததே!

இப்போது கையேட்டைப் பார்த்து, டப்பாவில் 229.52 என்ற எண் இருந்தால்தான் வாங்குகிறேன். புது ஃபில்டரும் நானே கொண்டுபோகிறேன். சீல் பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். போலிக்காரர் கைக்குப் போகாதபடி காலி டப்பாவை நசுக்கிவிடுகிறேன். ஊற்றுவது அதே பையன்தான்.