கீரிமலையை நினைத்தால் மட்டும் போதுமா?

விடுமுறைக்கு வெளிநாடு சென்று திரும்பும் நம்மவர்களின் கதைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறும். "அதைப் பாத்தவுடனை எங்கட ஊர் ஞாபகம் வந்திட்டுது." நோர்வேயின் கடற்கரையைக் கண்டவருக்குக் காரைநகர் நினைவுக்கு வரும். கேரளத்தில் பனங்காணியைக் கண்டவருக்குப் பளை நினைவுக்கு வரும். நானும் இவ்வாறு சொல்லித் திரிந்தவன்தான். அந்த வாக்கியத்தை இன்று என்னால் அத்தனை எளிதாகச் சொல்ல முடியவில்லை. காரணத்தை எழுதுகின்றேன். நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்வர் என்பதும் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கோடையில், இலண்டனில் வாழும் மகனின் குடும்பத்தோடு பாத் நகருக்குச் சென்றிருந்தேன். குளியல் என்பதே அந்நகரின் பெயர்ப்பொருள். ஏறத்தாழ 46 பாகை வெப்பமுள்ள நீர், நாளொன்றுக்குப் பத்து இலட்சம் லீற்றருக்கும் அதிகமாக, அங்கு நிலத்திலிருந்து பொங்குகின்றது. உரோமர் அதற்கு ஈயத் தகடு பதித்த பெருங்கேணி அமைத்து, அருகே சூலிஸ் மினேர்வா என்ற தெய்வத்துக்குக் கோயிலும் எழுப்பினர். கற்படிகளையும் கேணியையும் அருகே கோயிலையும் கண்டதும், "இது எங்கட கீரிமலையெல்லோ!" என்று உரத்துச் சொல்லிவிட்டேன்.

பேத்தி கேட்டாள்: "அப்பப்பா, அப்ப ஏன் ஒருத்தரும் குளிக்கேல்லை?"

1978 ஆம் ஆண்டு, அந்த ஊற்றுநீரில் நீந்திய சிறுமி ஒருத்தி நீரிலிருந்த அமீபாக் கிருமியால் உயிரிழந்தாள். அதன்பின் அங்கு குளிக்க அனுமதியில்லை. நுழைவுச்சீட்டு வாங்கிப் பச்சை நீரைப் பார்த்துவிட்டு வரலாம். குளிக்க விரும்புவோருக்கு 2006 இல் திறக்கப்பட்ட புதிய குளியலகம் வேறாக உண்டு. மகன் இதனை விளக்கியபோது எனக்குள் ஒரு பெருமிதம் பிறந்தது. "வெள்ளைக்காரன் காசு வாங்கிக்கொண்டு தண்ணியைக் காட்டுறான். நாங்கள் காசில்லாமல் முழுகிறம்" என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெருமிதம் வெறுமையானது என்பதை உணர எனக்குச் சில நாட்கள் ஆயின.

பாத் நகரின் நீர், மெண்டிப் குன்றுகளில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பெய்த மழை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடாக ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலெழுகின்றது. கீரிமலையின் நீரும் சுண்ணாம்புக்கல் தந்த கொடையே. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை கல்லின் துளைகளில் இறங்கி, கடல்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாகத் தங்கி, கரையோரம் ஊற்றெடுக்கின்றது. மதிலுக்கு அப்பால் அலை அடிக்க, இப்பால் கரிக்காத நீரில் நாம் மூழ்குகின்றோம். ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு ஒரு கேணி.

இரண்டும் கல்லில் ஒன்றுதான், காவலில் ஒன்றல்ல. பாத் நகரில் குறித்த ஆழத்துக்குக் கீழே நிலத்தைத் தோண்டுவதற்கே 1982 ஆம் ஆண்டின் சட்டமொன்று கட்டுப்பாடு விதிக்கின்றது. தோண்டுபவன் தன் காணியில்தான் தோண்டுகின்றான், ஊற்றோ ஊருக்குரியது. நாம் என்ன செய்தோம்? காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்காக அதே சுண்ணாம்புக்கல்லை அகழ்ந்தோம். 1990 இல் ஆலை நின்றது, குழிகள் நிற்கின்றன. உரமும் மலசலகூடக் குழிகளும் கிணறுகளில் நைத்திரேற்றை ஏற்றுகின்றன என்று ஆய்வாளர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றனர். சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தபோதுதான் நாம் திடுக்கிட்டு விழித்தோம். சில காலம் கூட்டம் போட்டோம், பின்னர் மறந்தோம். இலவசமாகக் குளிக்கின்றோம் என்று மார்தட்டுவோர், அந்த நீரைக் காப்பதற்கு ஒரு சதமேனும், ஒரு கடிதமேனும் செலவிட்டதுண்டா?

நீரைவிடப் பெரிய கணக்கு நிலத்தினது. நகுலேஸ்வரம் ஈழத்தின் பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்று. போர்த்துக்கேயர் இடித்தனர், மீண்டும் எழுந்தது. 1990 இல் வான்தாக்குதலில் சிதைந்தது. அதே ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. ஆடி அமாவாசையில் தந்தைக்குத் தர்ப்பணம் செய்யக் கீரிமலைக்குச் செல்வது எங்கள் வழக்கம். விரதமிருந்து, தீர்த்தமாடித் திரும்பி, காத்தோட்டிக்காய்க் கறியோடு உண்போம். என் தந்தையார் காலமானபோது கீரிமலை வலயத்துக்குள் இருந்தது. அவருக்குரிய கடனை வேறொரு கரையில் நின்று செய்தேன்.

2009 இல் போர் முடிந்தது. 2012 இல் நகுலேஸ்வரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. 2015 இல் புகையிரதம் காங்கேசன்துறையைத் தொட்டது. 2019 இல் பலாலியிலிருந்து விமானமும், 2023 இல் நாகபட்டினத்திலிருந்து கப்பலும் வரத் தொடங்கின. கோயில் வந்தது, வாகனம் வந்தது, பயணியும் வந்தார். காணிக்காரர் மட்டும் கடைசி வரிசையில் நின்றார். மக்கள் நலன்புரி முகாம்களில் ஓலைக்கொட்டில்களில் கிடந்த காலத்தில்தான் கீரிமலைக் கடற்கரையோரம் ஜனாதிபதி மாளிகை ஒன்று எழுந்தது. காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன என்பது உண்மை. முழுதும் விடுவிக்கப்படவில்லை என்பதும் உண்மை. உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்போர் இன்றும் உளர்.

சுற்றுலா வந்தால் தொழில் பெருகும் என்பர். மறுக்கவில்லை. கேணியருகே கச்சான் விற்கும் பெண்ணுக்கு வருமானம் வரட்டும். ஆனால் ஊரவர் வீடு திரும்புமுன் விருந்தினருக்கு விடுதி கட்டுவதை அபிவிருத்தி என்று அழைக்க என் நா எழவில்லை. புலம்பெயர்ந்தோர் கோயிலுக்கு அள்ளிக் கொடுக்கின்றனரே என்பர். கொடுக்கின்றனர், வணங்குகின்றேன். கோபுரத்தைச் சுற்றிக் குடிகள் இல்லையேல் அக்கோயிலில் விளக்கேற்றப் போவது யார்?

பாத் நகர அருங்காட்சியகத்தில் இன்னொன்றையும் கண்டேன். ஊற்றிலிருந்து எடுக்கப்பட்ட ஏறக்குறைய 130 ஈயத் தகடுகள். பொருளைப் பறிகொடுத்தவர்கள், திருடனைத் தண்டிக்குமாறு தெய்வத்துக்கு எழுதிய முறைப்பாடுகள் அவை. குளிக்கும்போது திருட்டுப்போன மேலாடைக்காகக்கூட ஒருவர் முறையிட்டிருக்கின்றார். மேலாடையை இழந்தவன் தன் இழப்பை எழுதிவைத்தான். அறிஞர் அதனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் படிக்கின்றனர். ஊரையே இழந்தவர்கள் பிரதேச செயலகத்துக்கும் ஆணைக்குழுக்களுக்கும் எழுதிய விண்ணப்பங்களை யார் படிக்கின்றனர்? எத்தனை கோப்புகளில் அவை தூசு படிந்து கிடக்கின்றன?

ஊர் ஞாபகம் வந்தது என்று சொல்வதில் நமக்கு ஒரு சுகம் உண்டு. அந்தச் சுகத்துக்காகவே நாம் அதைச் சொல்கின்றோம் என்று இப்போது அஞ்சுகின்றேன். நினைவு வந்தவனுக்குக் கடமையும் வரவேண்டும்.

ஆதலால், அடுத்த விடுமுறைக்குக் கீரிமலை செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேணியில் மூழ்கிப் படம் எடுத்ததும் வாகனத்தில் ஏறிவிடாதீர்கள். சற்றுத் தூரம் நடந்து, மீளக் குடியேறிய ஒரு வீட்டின் படலையைத் தட்டுங்கள். கிணற்று நீர் எப்படி என்று கேளுங்கள். பரிசோதிக்க வசதியில்லையெனில் அச்செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அயற்காணிக்காரர் திரும்பினாரா என்று கேளுங்கள். திரும்பவில்லையெனில் ஏன் என்று கேட்டறிந்து, உங்கள் நாட்டின் பாராளுமன்ற உறுப்பினருக்கும் இங்குள்ள அமைச்சுக்கும் எழுதுங்கள். எழுதுவது வீண் என்று சொல்பவருக்கு, நாற்பது ஆண்டுகள் எழுதிப் பிழைத்த என்னிடம் மறுமொழி இல்லை. இருந்தும் என் முதற் கடிதத்தை இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன்.