சைக்கிள் ஓட்டச் சொல்றது சுலபம். எங்கே ஓட்டுறது?

கொஞ்சம் நீளமான இழை. அவசரமில்லாத நேரத்துல படிங்க.

நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்பிபிஎஸ் டாக்டர். ஓபியில் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு "தினமும் நடங்க, முடிஞ்சா சைக்கிள் ஓட்டுங்க"ன்னு சொல்றேன்னு எனக்கே கணக்கு தெரியாது. சுகருக்கும் அதைத்தான் சொல்றேன், பிரஷருக்கும் அதைத்தான் சொல்றேன். வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சின்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சீட்டில் அதை எழுத அரை நிமிஷம் போதும்.

ஆனா என் அப்பாவோட சைக்கிளைப் பூட்டி வச்சது நான்தான்.

அப்பா தபால்காரர். 34 வருஷம் சைக்கிள் மிதிச்சவர். ரிட்டையர் ஆன பிறகும் காலையில் ஒரு சுற்று போயிட்டு வந்தாத்தான் அவருக்கு டிபன் இறங்கும். ஒரு நாள் பின்னாடி வந்த காரோட சைடு கண்ணாடி ஹேண்டில்பாரில் உரசிருச்சு. கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு, பிளேட் வச்சோம்.

அதே வாரம் என் நைட் டூட்டியில் இன்னொரு சைக்கிள்காரர் வந்தார். தலையில் அடி. அவரைக் காப்பாத்த முடியலை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சைக்கிளைப் பூட்டி, சாவியை என் பீரோவில் வச்சுட்டேன். அப்பா ஒரு வார்த்தை பேசலை. அடுத்த ஒரு வருஷத்தில் அவருக்கு நாலு கிலோ ஏறுச்சு. சுகர் மாத்திரை ஒண்ணு ரெண்டாச்சு. அந்தச் சீட்டையும் நான்தான் எழுதினேன்.

போன செப்டம்பரில் லீவு கிடைச்சது. தங்கச்சி குடும்பம் பிரான்ஸில் போர்டோ நகரத்தில் இருக்கு. அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். மாப்பிள்ளைதான் சொன்னார்: "மச்சான், மாமாவைக் காட்டுப் பக்கம் சைக்கிள்ல கூட்டிட்டுப் போங்க. அங்க கார் வராது."

நான் நம்பலை. கார் வராத ரோடுன்னு ஒண்ணு இருக்குமா என்ன?

இருக்கு. போர்டோவுக்குத் தெற்கே லாந்த் காடு. அதுக்குள்ள மியோஸ் என்ற ஊரிலிருந்து பஸாஸ் என்ற ஊர் வரைக்கும் சுமார் 80 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை. ஒரு காலத்தில் அது ரயில் பாதை. ரயில் நின்னு போச்சு. தண்டவாளத்தை எடுத்துட்டு அதே தடத்தில் தார் போட்டுட்டாங்க. ரயில் தடம் என்பதால் ஏற்றம் இறக்கம் கிடையாது. 66 வயசுக்காரர் முழங்கால் வலி இல்லாம மிதிக்கலாம்.

ரெண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்து மூணு நாளில் முடிச்சோம். ஒரு நாளைக்கு 25, 30 கிலோமீட்டர்தான். மெதுவா.

முதல் அரை மணி நேரம் அப்பா என்ன செஞ்சார் தெரியுமா? நிமிஷத்துக்கு ஒரு தரம் பின்னாடி திரும்பிப் பார்த்தார். பாதையின் ஓரத்தோட ஓரமா, விளிம்பை ஒட்டியே ஓட்டினார். "அப்பா, நடுவுல வாங்க, யாரும் இல்லை"ன்னேன். "பழக்கம் தம்பி"ன்னார்.

அரை மணி கழிச்சுத்தான் அவர் கழுத்து திரும்புறது நின்னுச்சு. தோள் தளர்ந்துச்சு. அப்புறம் பேச ஆரம்பிச்சார். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஓட்டிக்கிட்டே பேசினோம். அப்பாவும் நானும் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசினது எப்போன்னு ஞாபகம் இல்லை.

அங்க கேட்ட சத்தங்களைச் சொல்லட்டுமா? பைன் மரத்துக்கு மேல காத்து, மரங்கொத்தி, எங்க சைக்கிள் செயின். அவ்வளவுதான். ரெண்டு பக்கமும் பைன், அடியில் பெரணிச் செடி. போக்குவரத்து இரைச்சலுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருக்குன்னு சொல்ற ஆய்வுகளைப் படிச்சிருக்கேன். படிக்கிறது வேற, இரைச்சல் இல்லாத இடத்தில் அப்பா முகத்தைப் பார்க்கிறது வேற.

இங்க ஒரு விஷயம் முக்கியம். இந்த அமைதி இயற்கையா வந்ததில்லை. அந்தக் காடே மனுஷன் நட்டது.

200 வருஷத்துக்கு முன்னாடி லாந்த் பெரும்பாலும் சதுப்பும் புதரும்தான். ஆடு மேய்க்கிறவங்க பொய்க்கால் கட்டிக்கிட்டு நடந்தாங்க. மலேரியா இருந்துச்சு. சோளச் சாப்பாட்டையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெல்லாக்ரா வந்துச்சு. தோல் உரியும், வயிறு போகும், கடைசியில் புத்தி தடுமாறும். நயாசின் என்ற வைட்டமின் குறைபாடுன்னு இன்னைக்குத் தெரியும். அந்தப் பகுதியில் அந்த நோயை 1829-ல் விவரிச்சு எழுதினவர் லா தெஸ்த் ஊர் டாக்டர் ழான் அமோ. பெரிய நகரத்துப் பேராசிரியர் இல்லை, சின்ன ஊர் டாக்டர். எனக்கு அதில் தனிச் சந்தோஷம்.

1857-ல் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ஒரு சட்டம் வந்துச்சு. ஊர் ஊரா வாய்க்கால் வெட்டி நீரை வடிக்கணும், மரம் நடணும். இன்னைக்கு அங்க சுமார் பத்து லட்சம் ஹெக்டேர் காடு. சும்மா வரலை. மேய்ச்சல் நிலம் போச்சு, ஆட்டு மந்தைகள் போச்சு, இடையர்களோட வாழ்க்கையே போச்சு. நல்லதும் கெட்டதும் சேர்ந்துதான் அந்தக் காடு.

ஒரு கிராமத்துக் கடையில் பழைய போஸ்ட் கார்டு ஒண்ணு பார்த்தோம். பொய்க்கால் மேல நின்னு தபால் கொடுக்கிற லாந்த் தபால்காரர். அப்பா அதைக் கையில் வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் சிரிச்சார். "நமக்கு சைக்கிளாவது கொடுத்தாங்க"ன்னார்.

சைக்கிள் பாதையும் அப்படித்தான், யாரோ எடுத்த முடிவு. ரயில் நின்னதும் அந்த நிலத்தைத் துண்டு போட்டு வித்திருக்கலாம். இல்ல கார் ரோடு போட்டிருக்கலாம். ரெண்டும் செய்யலை. 2004-ல் பிரான்ஸ் சாலை விதிகளில் "வுவா வெர்த்" என்று ஒரு வகையையே சேர்த்தாங்க. பசுமை வழின்னு அர்த்தம். மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை. நடக்கிறவங்க, சைக்கிள்காரங்க மாதிரி மோட்டார் இல்லாதவங்களுக்கு மட்டும்.

பொது ரோட்டிலும் விதி இருக்கு. ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் வண்டி ஒன்றரை மீட்டர் இடம் விடணும். ஊருக்குள்ள ஒரு மீட்டர். 1985-ல் வந்த ஒரு சட்டப்படி, மோட்டார் வண்டி மோதி சைக்கிள்காரருக்கு உடம்பில் காயம் பட்டா, அவர் பக்கம் சாதாரணத் தவறு இருந்தாலும் நஷ்டஈடு கிடைக்கும். பெரிய வண்டி வச்சிருக்கிறவருக்குப் பெரிய பொறுப்பு.

எல்லாம் சொர்க்கம்னு சொல்லலை. பைன் வேர் தாரைத் தூக்கி விட்ட இடங்களில் சைக்கிள் குதிக்கும். பாதை ரோட்டைக் குறுக்கே கடக்கும் இடங்களில் நாமதான் நின்னு பார்த்துப் போகணும். கிராமத்துக் கடைகள் மத்தியானம் மூடிருவாங்க. ஒரு நாள் பிஸ்கெட்டும் வாழைப்பழமும்தான் எங்களுக்குச் சாப்பாடு. தண்ணிக்குக் கல்லறைத் தோட்டத்துக் குழாயைத் தேடணும், அங்க டூரிங் போறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வழி அது. ஓஸ்தென்ஸ் பக்கம் 2022 தீயில் எரிஞ்ச காட்டைப் பார்த்தோம். ஒரே வகை மரத்தை வரிசையா நட்டா, பிடிச்ச தீயை நிறுத்துறது கஷ்டம். அதுவும் அந்தக் காட்டோட விலைதான்.

"அங்க ஜனத்தொகை குறைவு டாக்டர், அதனால முடியுது"ன்னு நீங்க சொல்வீங்க. உண்மைதான். ஆனா காலியான நிலம் மட்டும் போதும்னா, ஹைவே ஓரத்தில் ஒரு கோடு போட்டுட்டு "ஓட்டுங்க"ன்னு விட்டிருக்கலாமே? கார் ஓட்டத் தெரியாத கிழவருக்கும், எட்டு வயசுக் குழந்தைக்கும் அந்தக் காட்டில் ஒரு பங்கு இருக்குன்னு யாரோ ஒருத்தர் மேஜையில் உட்கார்ந்து முடிவு பண்ணியிருக்காங்க.

என் கருத்து இதுதான். சைக்கிள் ஓட்டாதவரை சோம்பேறின்னு திட்டுறதை டாக்டர்களான நாங்க நிறுத்தணும். பல பேர் பயத்தில்தான் ஓட்டலை, அந்தப் பயம் நியாயமானது. வேகம் ரெண்டு மடங்கானா மோதும் சக்தி நாலு மடங்கு. ஹெல்மெட் போடுங்க, லைட் போடுங்க, நான் மறுக்கலை. ஆனா பின்னாடி திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டிய ரோட்டைக் கொடுத்துட்டு "உடற்பயிற்சி பண்ணுங்க"ன்னு சொல்றது, மருந்து ஸ்டாக் இல்லாத மருந்தகத்துக்குச் சீட்டு எழுதி அனுப்புற மாதிரி.

அதனால உங்ககிட்ட ஒண்ணு கேட்கிறேன். உங்க ஊர்ல அடுத்த ரோடு போடும்போது "இதுல சைக்கிள்காரர் எங்க போவார்?"னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கிராம சபையில் கேளுங்க, வார்டு கவுன்சிலர்கிட்ட கேளுங்க. நானும் இனி ஓபியில் "சைக்கிள் ஓட்டுங்க"ன்னு சொல்றதுக்கு முன்னாடி "எந்த வழியா போவீங்க?"ன்னு கேட்கப் போறேன்.

மூணாவது நாள் சாயங்காலம் பஸாஸ் தேவாலயத்து வாசலில் சைக்கிளை நிறுத்தினோம். அப்பா சட்டை நனைஞ்சிருந்துச்சு. நாடி பிடிச்சுப் பார்த்தேன், அவர் வயசுக்கு அருமையா இருந்துச்சு.

ஊருக்குத் திரும்பின மறுநாள் காலையில் அப்பா என் ரூம் வாசலில் வந்து நின்னார். "தம்பி, அந்தச் சாவி..."

நான் ஜன்னல் வழியா ரோட்டைப் பார்த்தேன். மணல் லாரி ஒண்ணு போய்க்கிட்டிருந்துச்சு.

இன்னும் கொடுக்கலை.