எதுக்கும் இருக்கட்டுமே!

எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. தண்ணி லாரி எப்போது வரும், லிஃப்ட் ஏன் நின்றது என்று தெரிந்துகொள்ள ஆரம்பித்தது. போன வாரம் அதில் ஒரு செய்தி: ‘பிள்ளை பிடிக்கும் கும்பல் நம் ஏரியாவுக்குள் வந்துவிட்டது. உஷார்!’

போட்டவர் இரண்டாவது மாடிக்காரர். ரிட்டயர்டு வங்கி அதிகாரி. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு செக்கைக்கூட பாஸ் பண்ணாத மனுஷர். மாடிப்படியில் பிடித்தேன்.

“யார் சார் சொன்னது?”

“தெரியலை சார். மச்சினன் அனுப்பினான்.”

“அவருக்கு?”

“அவனுக்கும் யாரோ ஃபார்வர்டு பண்ணதுதான்.”

“போலீஸுக்குச் சொல்லிட்டீங்களா?”

“சேச்சே, அதெல்லாம் எதுக்கு? எதுக்கும் இருக்கட்டுமேன்னு போட்டேன்.”

கவனியுங்கள். நிஜமாகவே நம்பியிருந்தால் முதலில் 100-க்கு போன் பண்ணியிருப்பார். நம்பவில்லை என்றால் அனுப்பியிருக்கவே மாட்டார். இரண்டுக்கும் நடுவில், யோசிக்கும் வேலையை அடுத்தவன் தலையில் தள்ளிவிட நாம் கண்டுபிடித்த சொகுசான இடம்தான் இந்த ‘எதுக்கும் இருக்கட்டுமே’.

குடை எடுத்துப் போகும்போது அது நல்ல வார்த்தை. மழை வராவிட்டால் நஷ்டம் கொஞ்சம் கைவலி, அதுவும் நமக்குத்தான். வதந்திக்கு அப்படியில்லை. விலை கொடுப்பது வேறு யாரோ.

2018 மே 9 அன்று கொடுத்தார்கள். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கோயிலுக்காக, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் காரில் போனது. வழியில் நின்றபோது, கூட வந்த மூதாட்டி அங்கே விளையாடிய குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அந்த நாட்களில் ‘வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்கிறது’ என்ற செய்தி அந்தப் பக்கத்து செல்போன்களில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் சேர்ந்தது, அடித்தது. மூதாட்டி இறந்துபோனார். கூட வந்தவர்களுக்குப் படுகாயம். வடநாட்டுக்காரராகவே இருந்திருந்தாலும் அடிக்க எவனுக்கு உரிமை?

“படிக்காத ஜனங்க சார்” என்று உடனே ஒரு பதில் வரும். அடித்தவர்களை விடுங்கள். வாராவாரம் அதைத் தட்டிவிட்டவர்கள் யார்? செல்போனில் படிக்கத் தெரிந்தவர்கள்.

அந்த வருஷம் இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வரும் இருவர் தெருவிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது கராச்சியில் எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். முடிவில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசித் துண்டை யாரோ வெட்டிவிட்டார்கள். மிச்சத்தை நாம் அனுப்பினோம், எதுக்கும் இருக்கட்டுமே என்று. 2018 ஜூலையில் வாட்ஸப், இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு பண்ண முடியாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. விரலுக்குத்தான் பூட்டுப் போட முடிந்தது.

தெளிவாக யோசிப்பதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும், தப்பாக இருந்தால் அடி யாருக்கு. இந்த மூன்று கேள்வி போதும். ‘பத்து பேர் சொல்றாங்களே’ என்றால், பத்து பேர் பார்த்தார்களா அல்லது ஒரே செய்தியைப் பத்து பேர் படித்தார்களா என்று கேளுங்கள். வள்ளுவர் ‘அறிவுடைமை’யில் இதைத்தான் சொன்னார். நாம் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்தோம்.

கஷ்டம் மூளையில் இல்லை, தைரியத்தில். ‘குழந்தை’ என்ற வார்த்தை வந்ததுமே பயம் முந்திக்கொள்கிறது. கேள்வி கேட்பவன் கல்நெஞ்சக்காரனாகத் தெரிகிறான். கூடவே, பெரியவர் மனசு நோகுமே என்ற தயக்கம் வேறு.

என் கதையும் அதுதான். மாடிப்படியில் அவரிடம் மூன்று கேள்வி கேட்ட நான், குரூப்பில் ஒரு வார்த்தை எழுதவில்லை. எண்பது பேர் அதைப் படித்தார்கள். பாதிப்பேர் இதற்குள் தள்ளிவிட்டும் இருப்பார்கள். ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். ‘எதுக்கும் இருக்கட்டுமே’வுக்கு அதுதான் கூடப்பிறந்த தம்பி.

இன்று காலை எழுதிப் போட்டேன்: ‘இது யார் சொன்னது?’

இதுவரை பதில் இல்லை. இரண்டாவது மாடிக்காரர் லிஃப்ட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பரவாயில்லை. இந்த விலை நமக்குக் கட்டுப்படியாகும்.