சத்துணவு இருக்கிறது, சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டாமா?

குழந்தைகளுக்குச் சத்துணவு கொடுக்கும் திட்டங்களுக்கு நம் நாட்டில் குறைவில்லை. மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 இடங்களில் தொடங்கப்பட்டது. தமிழர்கள் நிறைந்த மும்பை தாராவியும் அந்த 33-இல் ஒன்று. இப்போது நாடெங்கும் 13 லட்சத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன.

ஆனால் பலன் போதவில்லை. 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லை. 32 பேருக்கு வயதுக்கேற்ற எடை இல்லை. அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் இவை முறையே 38, 36 என்ற அளவில் இருந்தன. குறைந்திருக்கிறது, ஆனால் மிக மெதுவாக.

பணம் போதவில்லை என்பது ஒரு காரணம். ஒரு குழந்தையின் சத்துணவுக்கு நாள் ஒன்றுக்கு 8 ரூபாய் என்று 2017-இல் நிர்ணயித்தார்கள். அதில் என்ன வாங்க முடியும் என்பது சந்தைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு. சத்துணவுப் பணி என்பது கற்றுத் தேற வேண்டிய ஒரு தொழில் என்ற எண்ணமே அரசாங்கத்துக்கு இன்னும் முழுமையாக வரவில்லை.

ரயில்வேயில் ஒரு பாயிண்ட்ஸ்மேன்கூடப் பயிற்சி பெற்றுத் தேறாமல் வேலையில் இறங்க முடியாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபயிற்சிக்கும் போய் வர வேண்டும். ஒரு தவறு நடந்தால் உயிர்கள் போகும் என்பதால் இந்த ஏற்பாடு. குழந்தையின் சத்துக் குறைவைக் கண்டுபிடிக்கத் தவறினாலும் உயிர் போகும். சத்தம் இல்லாமல் போவதால் அது விபத்தாகக் கணக்கில் வருவதில்லை.

எளிதாகத் தோன்றும் வேலை

மும்பையில் ‘சேவிகா’ என்று அழைக்கப்படும் அங்கன்வாடி ஊழியரின் வேலை சோறு போடுவதோடு முடிவதில்லை. குழந்தையை நிறுத்து, உயரம் அளந்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். பார்வைக்கு எளிது. ஆனால் தராசின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். நிற்க வைத்து அளந்தால் சுமார் 0.7 சென்டிமீட்டர் குறைவாகக் காட்டும். பிறந்த மாதத்தைத் தவறாக எழுதிவிட்டால் புள்ளி வேறு இடத்தில் விழுந்து, மெலிந்த குழந்தையும் நல்ல குழந்தையாகிவிடும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது ஆபத்தின் அறிகுறி. உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

இதைவிடக் கடினமானது தாயிடம் பேசுவது. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் போதிய உணவு பெறும் குழந்தைகள் நூற்றுக்கு 11 பேர்தான் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. இதற்கு வறுமை ஒரு காரணம். சொல்லித் தர ஆளில்லாதது இன்னொரு காரணம். பருப்பு வேகவைத்த நீரைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்குப் பருப்பு கொடுத்ததாக நம்புகிற தாய்மார்கள் உண்டு. பருப்பையே மசித்து, சோற்றோடு சிறிது எண்ணெய் விட்டுக் கெட்டியாகக் கொடுக்க வேண்டும் என்று அடுப்படியிலேயே செய்து காட்ட வேண்டும். திருநெல்வேலியிலிருந்து வந்த தாய்க்கு மராத்தியில் சொன்னால் பாதிதான் புரியும். இடம் பெயர்ந்து வந்த மக்கள் வாழும் பகுதிகளில் மொழியும் இந்தத் தொழில் திறனில் சேர்ந்ததே.

தமிழ்நாடு காட்டிய வழி

இதைச் செய்து காட்டிய அனுபவம் தமிழ்நாட்டுக்கு உண்டு. உலக வங்கி உதவியோடு 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், முதலில் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாட்கள் கூடுதல் உணவு தரப்பட்டது.

ஊழியர்களைத் தேர்ந்தெடுத்த விதம் கவனிக்கத் தக்கது. வறுமையிலும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். சுமார் பத்து ஊழியருக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். அவர் நேரில் வந்து, தவறைத் திருத்தி, மறுபடி சொல்லிக் கொடுத்தார். கடுமையான சத்துக் குறைவு கணிசமாகக் குறைந்தது.

அங்கன்வாடித் திட்டத்திலோ சுமார் 25 மையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்பது விதி. அந்த இடமும் காலியாக இருந்தால் இன்னொருவர் இரண்டு வட்டங்களைச் சேர்த்துப் பார்க்கிறார். பதிவேட்டில் கையெழுத்துப் போடவே அவருக்கு நேரம் சரியாக இருக்கும்.

பயிற்சியின் நிலை

பயிற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. 2018 மார்ச்சில் தொடங்கிய போஷண் அபியான் இயக்கத்தின்கீழ், 21 பாடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுத் தரும் முறை வந்தது. 2023 மே மாதத்தில் ‘போஷண் பீ, படாயீ பீ’ என்ற பயிற்சித் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. நோக்கம் நல்லதே. ஆனால் மாநிலத்தில் கற்றவர் மாவட்டத்துக்கும், மாவட்டத்தில் கற்றவர் வட்டாரத்துக்கும் சொல்லி வரும்போது பாடம் படிப்படியாக நீர்த்துப் போகிறது. கடைசியில் சேவிகாவின் கைக்கு வருவது கைபேசியில் எதை நிரப்ப வேண்டும் என்ற விவரமாகச் சுருங்கிவிடும் அபாயம் இருக்கிறது. 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுக்கும் உணவுப் பொட்டலத்துக்கு முக அடையாளச் சோதனையும் சேர்ந்தது. கைபேசிக்குப் போகும் நேரம் தாயிடம் பேசும் நேரத்திலிருந்துதான் கழிய வேண்டும்.

மேல்மட்டத்தில் அறிவுக்குப் பஞ்சமில்லை. 1918-இல் குன்னூரில் ஒரே அறையில் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சிதான் பின்னர் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்து உலகப் புகழ் பெற்றார். மேலே விஞ்ஞானி இருக்கிறார். கீழே சேவிகா இருக்கிறார். நடுவில், மாவட்டத்தின் கணக்கைப் படித்து, எந்தப் பேட்டையில் ஏன் எடை ஏறவில்லை என்று கண்டறிந்து திட்டம் போடும் அதிகாரி பெரும்பாலான மாநிலங்களில் இல்லை. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுச் சுகாதார ஊட்டச்சத்து நிபுணரை ஒரு தொழிலராகவே பட்டியலில் சேர்த்துவிட்டது. சட்டத்தில் பெயர் ஏறினால் போதாது. மாவட்ட அலுவலகத்தில் நாற்காலியும் சம்பளமும் வேண்டும்.

கௌரவம் மட்டும் போதாது

சேவிகா பெறுவது சம்பளம் அல்ல, ‘கௌரவ ஊதியம்’. மத்திய அரசு 2018-இல் இதை மாதம் ரூ. 3,000-லிருந்து ரூ. 4,500 ஆக உயர்த்தியது. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. மகாராஷ்டிரத்தில் ஊதிய உயர்வு கேட்டு 2023 டிசம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் 2024 ஜனவரி வரை நீடித்தது. தொண்டர் என்று சொல்லிக் குறைந்த கூலி கொடுத்துவிட்டு, தொழில் தேர்ச்சியை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. மேற்பார்வையாளர் இடங்களை நிரப்பி, ஒருவரின் பொறுப்பில் உள்ள மையங்களைக் குறைக்க வேண்டும். மறுபயிற்சி மையத்திலேயே, தராசின் பக்கத்திலேயே நடக்க வேண்டும். தமிழ், தெலுங்கு, இந்தி பேசும் பேட்டைகளில் அந்த மொழி தெரிந்த பெண்களை வேலைக்கு எடுக்க வேண்டும். மாவட்டந்தோறும் ஊட்டச்சத்து அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும்.

இவையெல்லாம் வரும் வரை பெற்றோர் சும்மா இருக்க வேண்டியதில்லை. அங்கன்வாடிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் மாதம் ஒருமுறை எடை பார்க்கச் சொல்லி, அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். கோடு மேலே போகிறதா, படுத்துக் கிடக்கிறதா என்பதைப் பார்க்க அதிகப் படிப்புத் தேவையில்லை. தொடர்ந்து இரண்டு மாதம் எடை ஏறாவிட்டால் காரணம் கேட்க வேண்டும். கேட்கிற பெற்றோர் இருக்கும் பேட்டையில் தராசு மூலையில் தூசி படிந்து கிடக்காது.